ஊதா முக்கோணம்

மணலி புதுநகரில் வளர்ந்தவருக்குப் புகைபோக்கி புதிதா என்ன? இரவெல்லாம் சுத்திகரிப்பு ஆலையில் எரியும் தீயைப் பார்த்துத் தூங்கிய ஆசிரியை ஒருவருக்கு, தேம்ஸ் கரையில் 99 மீட்டர் புகைபோக்கிக்குக் கீழே ஜனங்கள் ஓவியம் பார்க்கப் போவதைக் கண்டதும் சிரிப்புத்தான் வந்தது. 1981இல் மூடிய பேங்க்சைடு மின்நிலையம் 2000இல் டேட் மாடர்ன் கலைக்கூடம் ஆகிவிட்டது. நிரந்தரத் தொகுப்பைப் பார்க்கக் காசு வேண்டாம்.

லண்டனில் பிளஸ் டூ வயதுப் பிள்ளைகளுக்கு அவர் ஆங்கில இலக்கியம் நடத்துகிறார். வர்ஜீனியா உல்ஃபின் 'டு த லைட்ஹவுஸ்' (1927) என்றாலே, "கதையே இல்லையே மிஸ்" என்று வகுப்பு சோர்ந்துவிடும்.

அதனால் புத்தகத்தைத் திறக்குமுன் ஒரு படம். டேட் தொகுப்பிலுள்ள ஜார்ஜ் பிராக்கின் 1911ஆம் ஆண்டு ஓவியம்: ஒரு கிளாரினெட், ஒரு ரம் பாட்டில். தலைப்பைச் சொல்லமாட்டார். பழுப்பும் சாம்பலுமாக உடைந்த தளங்கள், இடையே சில எழுத்துகள். ஒருவன் பாட்டிலின் கழுத்தைப் பிடிப்பான், இன்னொருத்தி குழலை. ஒரே பொருளைப் பல பக்கமிருந்து ஒரே நேரத்தில் பார்க்கிறோம் என்று அவர்களே சொன்னபிறகு, நாவலின் திருமதி ராம்சேயை ஒவ்வொருவர் மனம் வழியாகவும் காட்டும் உல்ஃப் அவ்வளவாக மிரட்டுவதில்லை.

வலிந்து ஒட்டிய உத்தி அல்ல இது. உல்ஃபின் அக்கா வனெஸா பெல் ஓவியர்; நாவலின் முதல் பதிப்புக்கு மேலுறை வரைந்தவர். 1910இல் செசான், வான்கோ படங்களைக் காட்டி லண்டனைக் கொதிக்கவைத்த ரோஜர் ஃபிரையின் வாழ்க்கை வரலாற்றை எழுதியவரே உல்ஃப்தான். நாவலுக்குள்ளும் லில்லி பிரிஸ்கோ, திருமதி ராம்சேயையும் அவர் மகனையும் ஊதா முக்கோணமாகத் தீட்டுகிறாள். இது என்ன என்று அவளுடைய நண்பர் பேங்க்ஸ் கேட்கிறார். மாணவர் கேட்கவேண்டிய கேள்வி!

ஆனால் படம் கதைக்கு விளக்கமாகிவிடக் கூடாது. 'உருமாற்றம்' 1915இல் நூலாக வந்தபோது, அட்டையில் பூச்சியை மட்டும் வரையாதீர்கள் என்று காஃப்கா பதிப்பகத்துக்கு எழுதியது அதனால்தான்.

நம் ஊரில் சிறுகதையாளர் மௌனியை வகுப்பில் எப்படி நடத்துகிறோம்? கதைச்சுருக்கம் எழுதச் சொல்லி. மௌனியிடம் சுருக்க என்ன இருக்கிறது? ஓவியர் கே.சி.எஸ். பணிக்கரின் 'சொற்களும் குறியீடுகளும்' வரிசைப் படங்கள் எழுத்துப்போலவே தோன்றும், படிக்க வராது. அப்படியொரு படத்தின்முன் நின்றவனுக்கு மௌனி பிடிபடத் தொடங்கலாம்.

பணிக்கர் 1966இல் தொடங்கிய சோழமண்டலம் ஓவியர் கிராமம், மணலிக்காரர்களுக்கு நகரத்தின் மறுகோடி. எழும்பூர் அருங்காட்சியகத்திலும் தற்காலக் கலைக்கூடம் உண்டு. வடசென்னைக் கல்லூரி ஆசிரியர்களே, ஒருமுறை பிள்ளைகளை அழைத்துப் போங்கள். அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை.