போன வருஷப் பஞ்சாங்கம்

போன வருஷப் பஞ்சாங்கத்தில் பிழை ஒன்றும் கிடையாது. கணித்தவர் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு கணித்திருப்பார். திதி, நட்சத்திரம், கிரகணம் எல்லாம் அச்சிட்ட இடத்தில் அப்படியே இருக்கின்றன. ஆனாலும் அதைப் பார்த்து யாராவது கல்யாணத்துக்கு நாள் குறிப்பார்களா? ஓர் எழுத்துக்கூட மாறாமலே அது பொய்யாகிவிட்டது.

ஆகாய விமானத்துக்கும் இப்படி ஒரு பஞ்சாங்கம் இருக்கிறது. அதன் ஆயுள் 28 நாள்தான். இதை எனக்குச் சொன்னவன் என் தமக்கை மகன். மீனம்பாக்கத்தில் விமானங்களைப் பராமரிக்கும் என்ஜினீயர். விமானத்தின் கம்ப்யூட்டருக்குள் வழித் தகவல் ஒரு பெரிய மூட்டையாக இருக்கிறதாம். ஓடுபாதைகள், வழிகாட்டும் ரேடியோ நிலையங்களின் அலைவரிசைகள், ஆகாயத்தில் ஐந்தெழுத்துப் பெயர் சூட்டி வைத்திருக்கும் புள்ளிகள், இறங்கும்போது எந்த இடத்தில் எவ்வளவு உயரம் என்ற கணக்கு எல்லாம் அதில் அடக்கம்.

இவற்றில் ஏதாவது ஒன்று உலகத்தின் ஒரு மூலையில் மாறிக்கொண்டே இருக்கிறது. ஆளுக்கு ஒரு நாளில் மாற்றினால் என்ன ஆவது? அதனால் எல்லா நாடுகளும் பொதுவாகச் சில வியாழக்கிழமைகளை வைத்திருக்கின்றன. 28 நாளுக்கு ஒரு வியாழன், வருஷத்துக்குப் பதின்மூன்று. நம் நாட்டில் விமான நிலைய ஆணையம் மாற்றங்களை முன்கூட்டியே அறிவித்துவிடுகிறது. விமானத்துக்குள் இந்த மாதத்து மூட்டையும் அடுத்த மாதத்து மூட்டையும் பக்கத்தில் பக்கத்தில் காத்திருக்கும். குறித்த வியாழன் நம் கடிகாரத்தில் காலை ஐந்தரை மணிக்குப் பழையது காலாவதி.

"இதற்காகவா ராத்திரி பகலாய்ப் படித்தான்? மாதா மாதம் மூட்டை ஏற்றவா?" என்று என் தமக்கைக்கு வருத்தம். அண்டை வீட்டாரிடம் சொல்லிக்கொள்ளப் பகட்டான உத்தியோகம் இல்லைதான்.

ஓர் ஆடி அமாவாசைக்கு அவனும் நானும் பூம்புகாருக்குப் போயிருந்தோம். காவிரி கடலில் கலக்கும் இடத்தில் ஸ்நானம் செய்துவிட்டுக் கரையில் உட்கார்ந்தோம். "எங்கள் அமாவாசை உங்களுடையதைவிட ஒன்றரை நாள் முந்திக்கொள்ளும், மாமா" என்று சிரித்தான்.

பக்கத்தில் வலையைப் பிரித்துக்கொண்டிருந்த பெரியவரிடம், கடலில் இடம் தெரிவது எப்படி என்று கேட்டேன்.

"இப்பப் பையன்கள் மெஷின் வச்சிருக்காங்க. எங்க காலத்துல கரையிலே கோபுரம், பனைமரம் பார்த்துத்தான் போவோம். எங்கப்பா காட்டிக் கொடுத்த பனை இப்ப இல்லைங்க ஐயா. சுனாமிக்கு முன்னாடியே கடல் எடுத்துக்கிச்சு."

"மகனுக்கு எந்த மரத்தைக் காட்டினீர்கள்?"

"வேற மரந்தான். ஆனா, அந்தப் பனை போயிடுச்சுங்கறதைத்தான் முதல்ல சொன்னேன். தாத்தா சொன்னாருன்னு அதையே தேடிக்கிட்டு நிக்கப்படாது பாருங்க!"

மருமகன் நிமிர்ந்து உட்கார்ந்தான். "மாமா, இவர் சொன்னதை ஒருவர் சொல்லாமல் விட்டதால் 257 பேர் போய்விட்டார்கள்" என்றான்.

1979 நவம்பர் 28-ஆம் தேதி, நியூசிலாந்திலிருந்து அண்டார்க்டிகாவைச் சுற்றிப் பார்க்க ஒரு விமானம் கிளம்பிற்று. பத்தொன்பது நாள் முன்பு விமானிகளுக்குக் காட்டிய வழி, தட்டையான பனிக்கடல் மீது போயிற்று. கம்ப்யூட்டரில் அந்த வழியின் கடைசிப் புள்ளி பிழையாகப் பதிவாகியிருந்தது. விமானம் புறப்படச் சில மணி நேரம் இருக்கையில் அதைத் திருத்தினார்கள். புள்ளி ஏறக்குறைய 50 கிலோமீட்டர் தள்ளிப் போயிற்று. விமானிகளுக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை. புதிய வழியின் குறுக்கே எரபஸ் என்ற எரிமலை நின்றது. வெண்பனியும் வெண்மேகமும் ஒன்றாய்த் தெரிய, விமானம் அதில் மோதிற்று. முதலில் விமானிகள் மீதே பழி விழுந்தது. 1981-இல் நீதிபதி பீட்டர் மாஹனின் விசாரணைக் கமிஷன், சொல்லாமல் மாற்றியதே தலையாய காரணம் என்றது.

திருத்தம் என்னவோ சரியான திருத்தம்தான்! போக வேண்டிய ஆளுக்குப் போய்ச் சேராத உண்மை, பொய்யைவிடப் பெரிய ஆபத்தாகிவிட்டது.

திரும்பும் வழியில் கீழையூரைக் கடந்தோம். 1960-களில் அங்கே தொல்லியல் துறையினர் தோண்டியபோது செங்கல்லால் கட்டிய படகுத்துறை ஒன்று கிடைத்தது. படகு கட்டிய மரத் தூண்களும் இருந்தன. இரண்டாம் நூற்றாண்டில் தாலமி என்ற கிரேக்க அறிஞர் தம் பூகோள நூலில் 'கபேரிஸ்' என்று ஒரு துறைமுகத்தைக் குறித்தார். அது நம் காவிரிப்பூம்பட்டினமே என்பார்கள். அன்றைக்கு அவர் எழுதியது மெய். இன்று அதை நம்பி ஒரு மாலுமி கப்பலைக் கொண்டுவந்தால் எந்தத் துறையில் கட்டுவான்? படகு கட்டிய இடத்தில் இன்று தரை. பட்டினத்தில் பாதியைக் கடல் கொண்டது என்பது ஊர் வழக்கு.

பட்டினத்தைக் கட்டியவர்களைப் பற்றிப் பாட்டும் கதையும் எழுதி வைத்திருக்கிறோம். ஆற்றின் வாய் எந்தப் பக்கம் திரும்பிற்று, மணல்மேடு எங்கே விழுந்தது என்று பார்த்து வந்து, அடுத்த படகுக்காரனிடம் சொன்னவனின் பெயர் எதிலும் இல்லை. அவன் ஒரு நாள் சொல்லாமல் விட்டிருந்தால்தான் ஊருக்கு அவனைத் தெரிந்திருக்கும். என் தமக்கையிடம் இதைத்தான் சொன்னேன். அவள் பதில் பேசவில்லை. ஆனால் அடுத்த முறை, "வியாழக்கிழமை வருகிறதே, பையன் சரியாகத் தூங்குகிறானோ இல்லையோ" என்று கவலைப்பட்டாள்.