கரும்புத் தோட்டத்துப் பிள்ளைகளின் ஆட்டம்

தீபாவளிக்குக் கொழும்பிலிருந்து மலையேறி வரும் நம் இளைஞர்கள் புத்தாடையோடு புதிய ஆட்டங்களையும் கொண்டு வருகின்றனர். 'மேனாட்டுச் சீரழிவு பொகவந்தலாவையின் கடைசி லயம்வரை வந்துவிட்டது' என்று ஆசிரிய நண்பர் ஒருவர் நம்மிடம் நொந்துகொண்டார். நண்பர் பிற்போக்காளரல்லர், தோட்டத் தொழிலாளரின் ஊர்வலங்களில் முன்வரிசையில் நடப்பவர். ஆகவே அவர் கூற்றை ஒதுக்கிவிட மனம் வரவில்லை. அவர் சுட்டிக் காட்டிய ஆட்டங்களுள் ஒன்று எங்கே பிறந்தது, யார் பெற்ற பிள்ளை என்று விசாரிக்கத் தலைப்பட்டோம்.

அதன் பெயர் சல்சா சோக்கே. தென்னமெரிக்காவின் கொலம்பியா நாட்டிலே, பசிபிக் கரையிலுள்ள துமாக்கோ என்னும் வறிய துறைமுகப் பட்டினமும், காலி என்னும் பெருநகரமும் அதற்குத் தாய்வீடுகள். (நமது தென்னிலங்கைக் காலியை வாசகர் நினைத்துக்கொள்ள வேண்டாம்.) காலியைச் சூழ்ந்த பள்ளத்தாக்கு முழுவதும் கரும்புத் தோட்டம். அங்கே ஆபிரிக்காவிலிருந்து விலங்கிட்டுக் கொண்டுவரப்பட்ட மக்கள் அடிமைகளாக உழைத்தனர். 1851ஆம் ஆண்டுச் சட்டம் அடிமை முறையை ஒழித்தது. ஆயினும் கரும்பு வெட்டும் கத்தி அவர்தம் சந்ததியார் பலருடைய கையைவிட்டு நீங்கவில்லை. 2008ஆம் ஆண்டிலே அப்பள்ளத்தாக்கின் கரும்பு வெட்டுவோர் நடத்திய பெரும் வேலைநிறுத்தத்தைப் பற்றி வாசிக்கையில், நமது தோட்டங்களின் கூலிப் போராட்டங்களே கண்முன் நின்றன.

துமாக்கோவை 1979 டிசம்பரில் நிலநடுக்கமும் கடற்பேரலையும் தாக்கின. வீடிழந்தோர் பலர் காலி நகருக்குப் பெயர்ந்து, அகுவாபிளாங்கா என்னும் சதுப்பு நிலத்திலே குடிசை போட்டனர். காலி அதற்கு முன்னரே சல்சாப் பித்துப் பிடித்த நகரம். கியூபாவின் தாளமும் நியூயோர்க் நகரத்துப் புவெர்டோ ரிக்கோ உழைப்பாளரின் குரலும் கலந்து உருவானதே சல்சா. காலி மக்கள் அதை வாங்கிய விதம் வேடிக்கையானது. நிமிடத்துக்கு 33 சுற்று சுழலவேண்டிய இசைத்தட்டை 45 சுற்றிலே ஓடவிட்டு, அந்த வேகத்துக்குக் காலை ஓட்டினர்! இன்றும் அந்நகரத்தார் ஆட்டத்திலே பாதவேகம்தான் சிறப்பு.

சேரிப்பிள்ளைகள் இந்தச் சல்சாவோடு ரெகேட்டோன் என்னும் நகர்ப்புற இசையைச் சேர்த்தனர். அதுவும் கூலி மரபிலே வந்ததுதான். பனாமாக் கால்வாய் வெட்டச் சென்ற கரீபியத் தீவுத் தொழிலாளரின் வழிவந்தோர் ஸ்பானிய மொழியிலே பாடத் தொடங்கிய ரெகே இசை, பின்னர் புவெர்டோ ரிக்கோவின் ஏழைக் குடியிருப்புகளில் வளர்ந்து அப்பெயர் பெற்றது. சல்சாவைச் சோடியாக ஆடுவர். சோக்கேக்குச் சோடி வேண்டியதில்லை, மண்டபம் வேண்டியதில்லை. தெருவிலே வரிசையாக நின்று எல்லோரும் ஒரே அடி வைத்தால் போதும்.

2014இல் பிரேசிலில் நடந்த உலகக் கிண்ணக் காற்பந்துப் போட்டியிலே, கிரேக்கத்துக்கு எதிராகக் கொலம்பியாவின் முதற் கோலை அடித்த பாப்லோ அர்மேரோ, தோழர்களை அழைத்து மைதான ஓரத்திலே இந்த ஆட்டத்தை ஆடினார். அவர் துமாக்கோவிலே பிறந்தவர். அதுவரை 'சேரி ஆட்டம்' என்று முகஞ்சுளித்த கனவான்களும் அன்று கைதட்டியிருப்பர் என்பதில் நமக்கு ஐயமில்லை. வியாபாரிகளும் உடனே விழித்துக்கொள்ளுவர். அது அவர்கள் தொழில். இவ்வகைப் பாடல்கள் பலவற்றிலே பெண்ணை இழிவுசெய்யும் சொற்கள் மலிந்திருப்பதையும் நாம் மறைக்கப் போவதில்லை. அந்தச் சொற்களை எதிர்ப்போம். ஆட்டத்தை ஏன் எதிர்க்கவேண்டும்?

அந்நியத் தாளம் என்பாரும் உளர். போர்த்துக்கேயரோடும் அவர்கள் கொணர்ந்த ஆபிரிக்கரோடும் இத்தீவுக்கு வந்த பைலா இன்று யாருக்கு அந்நியம்? அந்தத் துள்ளல் தாளத்தைத் தமிழ்ப் பொப்பிசையாக்கிய நித்தி கனகரத்தினத்தையும், 'சுராங்கனி' பாடிய ஏ. ஈ. மனோகரனையும் முணுமுணுக்காத ஆசிரியர் அறை ஒன்றுண்டா?

நமக்கு உறுத்துவது வேறொன்று. இப்படி ஆடும் இளைஞரில் ஒருவருடைய தந்தையார் தப்படிப்பவர். மாசி மாதத்துக் காமன் கூத்துக்கும் சாவு வீட்டுக்கும் அவர்தாம் அடிக்கவேண்டும். விடியுமுன் தொழிலாளரை எழுப்பிப் பிரட்டுக் களத்துக்கு விரட்டத் துரைமார் பயன்படுத்தியதும் இதே தப்புத்தான். துரையின் ஏவலுக்கும் கூத்தின் களிப்புக்கும் ஒரே தோல்! ஆனால் அதை அடிப்பவருக்குச் சாதியின் பெயரால் கிடைத்த இழிவு, துரை போன பின்பும் போகவில்லை. மகன் தப்பைத் தொடுவதில்லை. தொடச் சொல்லித் தந்தையும் வற்புறுத்தியதில்லை. மகனின் தொலைபேசியிலே முழங்கிய சோக்கேப் பாட்டை அவர் தலையசைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். எப்படி இருக்கிறது என்று வினவினோம்.

"தாளம் நல்லாத்தான் இருக்குங்க மாஸ்டர். ஆனா அடிக்கிறவன் கையக் காணோமே. மிஷினுதானே அடிக்குது?"

நூறு பக்க இசைத் திறனாய்வு சொல்லக்கூடியதை அவர் ஒரு மூச்சிலே சொல்லிவிட்டார்.

பின்பு ஒருநாள், ஒரு பாடசாலையின் கலைவிழாவுக்கு அவரும் அழைக்கப்பட்டிருந்தார். நிகழ்ச்சி நிரலிலே பரதநாட்டியம் இருந்தது, சினிமாப் பாட்டுக்குக் குழு நடனம் இருந்தது. வைக்கோல் கொளுத்தித் தப்பைக் காய்ச்சி எடுத்துக்கொண்டு வந்தவரை வாயிலருகே நிறுத்தினர். பிரதம விருந்தினர் காரைவிட்டு இறங்கி மண்டபத்துக்குள் நுழையும்வரை அடித்தார். நுழைந்ததும், உள்ளேயிருந்து யாரோ கையசைத்து, போதும் என்றனர்.