கடப்புறத்துக்கு வந்த மடாதிபதி

ஆதீனம், தம்பிரான், மடாதிபதி என்ற பேச்செல்லாம் எங்கள் ஊர்ப்பக்கம் கிடையாது. 1956 நவம்பர் வரை திருவிதாங்கூர்-கொச்சியோடு கிடந்த மண் கன்னியாகுமரி மாவட்டம். எங்களுக்குத் தெரிந்த சாமிகள் பகவதி, சாஸ்தா, சுடலைமாடன். பெரியவர் என்று கையெடுத்துக் கும்பிட்டால் அது சாமித்தோப்பு அய்யா வைகுண்டர். அதனால் 1982 மார்ச்சில், மண்டைக்காட்டுக் கலவரத்தில் ஓலைவீடுகள் எரிந்த வாடை இன்னும் போகாத நேரத்தில், "குன்றக்குடியிலிருந்து ஒரு சாமி சமாதானம் பேச வந்திருக்காவ" என்று ஊரில் சொன்னபோது, குன்றக்குடி எந்தப் பக்கம் என்றுதான் அம்மா கேட்டாள். காரைக்குடிக்குப் பக்கம் என்று அண்ணன் சொன்னான். "அம்மாடி, அவ்வளவு தூரத்திலேருந்தா?" என்றாள்.

எனக்கு அப்போது ஆசிரியப் பயிற்சி முடியும் தறுவாய். வீடு திங்கள்நகருக்கும் மண்டைக்காட்டுக்கும் இடையில். அப்பாவுக்குக் கொஞ்சம் தென்னை, கொஞ்சம் மரச்சீனி. பெரியப்பா வீட்டில் எல்லோரும் வேதக்காரர்கள், சி.எஸ்.ஐ. சபை. கிறிஸ்துமஸுக்கு அங்கிருந்து முந்திரிக்கொத்து வரும், கொடைக்கு எங்கள் வீட்டிலிருந்து மண்டையப்பம் போகும். மாவட்டத்தில் அன்று பத்துப் பேரில் கிட்டத்தட்ட நான்கு பேர் கிறிஸ்தவர்கள் என்றிருந்தபோது இது ஒன்றும் அதிசயமில்லை. பல நாடார் குடும்பங்களில் ஒரு கிளை கோயிலுக்கும் மறுகிளை சர்ச்சுக்கும் போகும்.

அதனால்தான் அந்தக் கலவரத்தை 'இந்து கிறிஸ்தவக் கலவரம்' என்று எழுதிவிட்டுப் போகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. மதம் இருந்தது, நிச்சயமாக இருந்தது. ஆனால் எரிந்தது பெரும்பாலும் கடப்புறம். பதினாறாம் நூற்றாண்டில் பிரான்சிஸ் சவேரியார் காலத்தில் கத்தோலிக்கத்துக்கு வந்த முக்குவர்கள் கடலோரத்தில். நிலமும் கடையும் வைத்திருந்தவர்கள் மேட்டில். கடப்புறத்து ஆளை மேட்டு ஆள் வீட்டுத் திண்ணையில் ஏற்றாத வழக்கம் இரண்டு மதத்து வீடுகளிலும் இருந்தது. என் பெரியப்பா ஞாயிறு தவறாமல் வேதம் வாசிப்பவர். மீன்காரிக்குத் தண்ணீர் கொடுக்க அவர் வீட்டில் தனியாக ஒரு சிரட்டை இருந்தது.

மேலே வந்து விழுந்த பொறிகளும் பல. 1981-இல் மீனாட்சிபுரத்தில் ஊரோடு மதம் மாறிய செய்தி. அதற்கு முன்பே விவேகானந்தர் பாறை யாருக்கு என்ற பழைய சண்டை. கோயில் ஒலிபெருக்கிக்கும் சர்ச் ஒலிபெருக்கிக்கும் நடந்த போட்டி. 1982 பிப்ரவரியில் நாகர்கோவிலில் இந்து எழுச்சி மாநாடு நடந்தது. அண்ணன் அதற்குப் போய்வந்தான். மாவட்டத்தின் பெயரைக் 'கன்னி மேரி' என்று மாற்றப் போகிறார்களாம் என்று வீட்டில் வந்து சொன்னான். யார் மாற்றப் போகிறார்கள், எங்கே எழுதிக்கொடுத்தார்கள் என்று அப்பா கேட்டார். அதற்குப் பதில் இல்லை. ஆனால் அந்தப் பேச்சு டீக்கடை, சலூன், பஸ் என்று எல்லா இடத்திலும் ஓடியது.

மார்ச் 1 திங்கட்கிழமை. திங்கள்சந்தை கூடும் நாள், மாசிக்கொடை நேரம் வேறு. மண்டைக்காட்டுக் கொடை பெண்களின் கொடை. கேரளத்திலிருந்து இருமுடி கட்டிக்கொண்டு பெண்கள் வருவார்கள். கடலில் முங்கிவிட்டு ஈரச்சேலையோடு வந்து புற்றாக இருக்கும் அம்மனைத் தொழுவார்கள். கடற்கரையையும் கோயிலையும் பிரிப்பது ஒரு நடைதூரம். அந்த நடையில்தான் புதூரும் அதன் சர்ச்சும். குளிக்க வந்த பெண்களைக் கேலி செய்தார்கள் என்று இந்தப் பக்கம் சொன்னார்கள். எங்கள் தெருவில் வந்து எங்களை அடித்தார்கள் என்று அந்தப் பக்கம் சொன்னார்கள். நானும் அம்மாவும் கோயில் பக்கத்தில் பொங்கல் கலத்தோடு இருந்தோம். கடலுக்குப் போகவில்லை. எனவே முதல் கல்லை யார் எறிந்தது என்பதற்கு நான் சாட்சி இல்லை. அதை நேரில் கண்டதாகச் சொன்ன பலரும் அன்று எங்களோடுதான் பொங்கல் விட்டுக்கொண்டிருந்தார்கள் என்பதற்கு வேண்டுமானால் சாட்சி சொல்லலாம்.

சத்தம் கேட்டது. மண்டைக்காட்டில் வெடி வழிபாடு உண்டு, காசு கட்டினால் அம்மனுக்கு வெடி போடுவார்கள். யாரும் தலை தூக்கிப் பார்க்கவில்லை. பிறகு கடல் பக்கமிருந்து பெண்கள் ஓடி வந்தார்கள். ஒருத்தி தோளில் பாதி பிழிந்த சேலை, காலில் செருப்பில்லை, "சுடுதானுவ, சுடுதானுவ" என்று கத்திக்கொண்டே போனாள். அம்மா கலத்தை அடுப்பிலிருந்து இறக்கவில்லை. அப்படியே விட்டுவிட்டு என் கையைப் பிடித்து இழுத்தாள். தென்னந்தோப்புகள் வழியாக வீடு வந்தோம். போலீஸ் துப்பாக்கிச்சூட்டில் ஆறு பேர் செத்துப்போனார்கள் என்று பிறகு தெரிந்தது. அத்தனை பேரும் கடப்புறத்தார்.

அடுத்தடுத்து ஈத்தாமொழி, பள்ளம், மணக்குடி என்று ஊர்ப்பெயர்களாகவே செய்தி வந்தது. வீடுகள், வள்ளங்கள், வலைகள். ஒரு வலைக்கு எத்தனை வருடக் கடன் என்று தெரிந்தவர்களுக்குத்தான் வலை எரிவதன் அர்த்தம் தெரியும். மேட்டிலும் கடைகள் உடைந்தன, ஆட்கள் வெட்டுப்பட்டார்கள். இரவில் ஆண்கள் காவல் இருந்தார்கள். எங்கள் தெருவில் அரிவாளோடு காவல் இருந்த பையன்களில் பாதிப் பேர் என்னோடு பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள்.

எனக்கு அந்த நாட்களின் அடையாளமாக நிற்பது ரத்தமோ தீயோ இல்லை. எங்கள் வீட்டுக்கு மீன் கொண்டுவரும் அக்கா வரவில்லை. காலை எட்டு மணிக்குக் கடவத்தை இறக்கிவைத்து, சாளையை எண்ணிக் கூறு போடுவாள். காசு பாதி, மரச்சீனி பாதி. மழைக்காலத்தில் கூரைக்கு ஓலை கேட்பாள். கடப்புறத்துக்குக் குடிக்கத் தண்ணீர் மேட்டிலிருந்துதான் போக வேண்டியிருந்தது. கடப்புறத்துக்குப் போகும் பாதைகளை மறித்தார்கள். தண்ணீர், அரிசி, விறகு, எல்லாம் நின்றது. இந்தப் பக்கம் மீன் புளிமுளம் இல்லாத சோறு. வயிற்றுப்பாட்டில் ஒருவரையொருவர் இவ்வளவு நம்பி இருந்தோம் என்பது பாதை அடைத்தபிறகுதான் உறைத்தது. அவர்களுக்குப் பட்டினி, எங்களுக்கு வெறும் ருசிக்குறைவு. இரண்டையும் சமமாக எழுதக் கூடாது.

இந்த நிலையில்தான் குன்றக்குடி அடிகளார் வந்தார்.

பின்னால் படித்துத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். 1925-இல் மாயவரம் பக்கத்தில் பிறந்தவர், இயற்பெயர் அரங்கநாதன். சிறுவயதில் ரா.பி. சேதுப்பிள்ளை வீட்டுக்குப் போய் நாளுக்கு ஒரு குறள் சொல்லிக் காலணா வாங்கியவர். தருமபுரம் ஆதீனத்தில் தம்பிரானாக இருந்து, 1952-இல் குன்றக்குடித் திருவண்ணாமலை ஆதீனத்தின் தலைவரானவர். அருள்நெறித் திருக்கூட்டம் நடத்திக் கடவுள் மறுப்புக்கு எதிராக மேடை மேடையாகப் பேசியவர், அதே சமயம் பெரியாரோடு நட்பும் கொண்டவர். பெரியார் குன்றக்குடி மடத்துக்கு வந்தபோது நெற்றியில் திருநீறு பூசக் காட்டி நின்ற கதை ஊரறிந்தது. இந்தி எதிர்ப்பில் வழக்கைச் சந்தித்தவர், சோவியத் நாட்டுக்குப் போய்வந்தவர், காரைக்குடி மின்வேதியியல் ஆய்வு நிலையத்து விஞ்ஞானிகளைக் கூப்பிட்டுத் தன் கிராமத்தில் தொழில் தொடங்க வைத்தவர். இப்படி ஒரு மடாதிபதியை எந்தப் பெட்டியில் போடுவது என்று இரண்டு தரப்புக்கும் தெரியாமல் போனதுதான் நல்லதாயிற்று. காவியையும் உருத்திராக்கத்தையும் பார்த்த எங்கள் ஆட்கள் 'இவர் நம்மவரில்லை' என்று சொல்ல முடியவில்லை. கடப்புறத்தாரோ, பெரியாரோடு பழகியவர் நம் வீட்டை எரிக்கச் சொல்ல மாட்டார் என்று நினைத்தார்கள்.

எங்கள் ஊர்ப் பள்ளிக்கூட வராந்தாவில் கூட்டம். பெஞ்சுகளை வெளியே இழுத்துப் போட்டவர்களில் நானும் ஒருத்தி. அம்பத்தாறு வயதுக்காரர், திருநீறு பளிச்சென்று இருந்தது. பேச ஆரம்பித்ததும் எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். எழுத்துத் தமிழ், நீண்ட வாக்கியங்கள், பட்டிமன்ற மேடையின் குரல். வெட்டுக்காயத்தோடு உட்கார்ந்திருப்பவனுக்கு இந்தத் தமிழ் எதற்கு என்று தோன்றியது. அம்மா வீட்டுக்கு வந்து, "பாதி எனக்கு வெளங்கேல்ல. ஆனா கேக்கதுக்கு நல்லா இருந்துது" என்றாள்.

ஆனால் பேச்சு முடிந்த பிறகு அவர் உடனே கிளம்பவில்லை. காரியம் அதற்கப்புறம்தான் தொடங்கியது. ஊர்ப் பெரியவர்களை உட்காரவைத்து விசாரித்தார். சந்தை ஏன் கூடவில்லை, பாதையை மறித்தது யார், பள்ளிக்கூடம் எப்போது திறக்கும், கடப்புறத்துப் பிள்ளைகள் பரீட்சைக்கு எப்படி வருவார்கள். அன்பே சிவம் என்று சொல்லிவிட்டுப் போவார் என்று காத்திருந்தவர்கள் இந்தக் கேள்விகளுக்குத் தயாராக இல்லை. அண்ணன் பின்வரிசையில் கைகட்டி நின்றான். பாதையை மறித்த மரத்தை இழுத்துப் போட்டவர்களில் அவனும் ஒருவன் என்று ஊருக்கே தெரியும். அன்று அவன் வாய் திறக்கவில்லை. மரம் மறுநாள் பாதையில் இல்லை. அவனாக எடுத்தானா, வேறு யாராவது எடுத்தார்களா, அதை வீட்டில் யாரும் கேட்கவில்லை.

கடப்புறத்துக்கும் அவர் போனார். அங்கே நடந்ததை மீன் அக்கா சொல்லித்தான் எனக்குத் தெரியும். அவள் திரும்பி வந்தது ஈஸ்டர் கழிந்து. கடவத்தில் கொஞ்சம் நெத்திலி மட்டும். திண்ணைக்குக் கீழே நின்றே பேசினாள். அவள் கொழுந்தனுக்குக் காலில் காயம். காவி கட்டினவர்கள் மேல் அவளுக்கு இருந்த ஆத்திரம் கொஞ்சமில்லை. காவி கட்டின ஒருவர் மணலில் நடந்து வந்ததைப் பார்த்ததும் பெண்கள் முதலில் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்களாம். பிறகு ஒரு கிழவி வெளியே வந்து, அவர் முன்னால் நின்று, வாயில் வந்தபடி ஏசினாளாம். "என்ன சொன்னாவ அந்தச் சாமி?" என்று அம்மா கேட்டாள். "ஒண்ணும் சொல்லேல்ல. நின்னு கேட்டாவ" என்றாள். பிறகு கூறு போட ஆரம்பித்துவிட்டாள்.

கோட்டாறு மறைமாவட்டத்தாரும் சி.எஸ்.ஐ. சபையாரும் இந்துப் பெரியவர்களும் இஸ்லாமியர்களும் ஒன்றாக உட்காரும் திருவருட்பேரவை அவர் முயற்சியில் உருவானது. சண்டை வந்தபிறகு கூடுவதைவிட, சண்டை இல்லாதபோது கூடிப் பழகியிருக்க வேண்டும் என்பது அதன் கணக்கு. எங்கள் பக்கத்தில் பல வருடம் அது வேலை செய்தது. ஒலிபெருக்கியின் வாய் எந்தப் பக்கம் திரும்ப வேண்டும், ஊர்வலம் எந்தத் தெருவில் மேளத்தை நிறுத்த வேண்டும் என்ற அற்ப விஷயங்களைப் பேசித் தீர்த்தார்கள். அற்பம் என்று சொல்கிறேன், ஆறு உயிர் போவதற்கு முன்னும் அவை அற்பமாகத்தான் இருந்தன.

எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுதினால் பொய். நீதிபதி வேணுகோபால் விசாரணை ஆணையம் வந்து சாட்சியம் எடுத்தது, பெரிய அறிக்கை வந்தது. எங்கள் ஊரில் அதைப் படித்தவர் ஒருவரும் இல்லை. பெரியப்பா வீட்டிலிருந்து முந்திரிக்கொத்து வருவது சில வருடம் நின்றது. மறுபடி வந்தபோது பையனிடம் கொடுத்துவிட்டார்கள், பெரியப்பா வரவில்லை. 1984 சட்டமன்றத் தேர்தலில் பத்மநாபபுரத்தில் இந்து முன்னணி வேட்பாளர் ஜெயித்தார். கலவரம் விதைத்ததை அறுவடை செய்யத் தெரிந்தவர்கள் செய்தார்கள். பாதையைத் திறக்க வைக்க ஒரு துறவியால் முடிந்தது. வாக்குச்சாவடிக்குள் எது போக வேண்டும் என்பது அவர் கையில் இல்லை. அதற்காக அவர் வேலை வீண் என்று சொல்ல எனக்கு மனம் வராது. அந்த மார்ச்சில் பாதை திறந்தது சிலருக்குக் குடிதண்ணீர்.

1995 ஏப்ரலில் அடிகளார் மறைந்த செய்தி வந்தபோது நான் ஒரு கடலோரப் பள்ளியில் டீச்சர். ஊருக்குப் போனபோது அண்ணனிடம் சொன்னேன். அவன் 84-இல் தேர்தல் வேலை பார்த்தவன், இன்றும் அதே கட்சிதான். "எம்.ஜி.ஆர். அனுப்பி வந்த ஆளுதானே அவரு" என்றான். யார் அனுப்பினால் என்ன, வந்தாரா இல்லையா என்றேன். வந்தார்தான், ஆனால் நம் பக்கத்துக் காயத்தை அவர் கண்டுகொள்ளவில்லை என்றான். பள்ளிக்கூட வராந்தாவில் வெட்டுப்பட்டவன் தோளைப் பிடித்து உட்காரவைத்தது யார் என்று கேட்டேன். அது வேறு சாமி என்று சாதித்தான். அம்மா உள்ளேயிருந்து, வேறு சாமி எவனும் வரவில்லை, அதே சாமிதான் என்று குரல் கொடுத்தாள். அவன் ஒத்துக்கொள்ளவில்லை. அம்மா போய்ப் பல வருடமாயிற்று, கொடைக்கு ஊருக்குப் போகும்போதெல்லாம் நாங்கள் இரண்டு பேரும் இதில் ஒரு தடவை முட்டிக்கொள்கிறோம்.