பெங்களூரு இரவும் என் கோதுமை பியரும்

பெங்களூரின் இரவுகளைப் பற்றி ஒரு பத்திரிகை சிறப்பிதழ் போட்டிருந்தது. இந்திராநகர், கோரமங்களா, சர்ச் ஸ்ட்ரீட் என்று பேட்டைவாரியாகப் பிரித்து, எந்த பப்பில் எந்த டிஜே, எங்கே ஆட இடம் தாராளம், எந்தச் சுவரின் முன் நின்றால் படம் நன்றாக விழும் என்பதுவரை எழுதியிருந்தார்கள். நான் பியர் காய்ச்சும் இடமும் அதில் உண்டு. விளக்குகளுக்கு ஒரு பத்தி, இசைக்கு ஒரு பத்தி, கழிப்பறைக் கண்ணாடிக்குக்கூட இரண்டு வரி. பியரைப் பற்றி மூச்சே இல்லை. கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் வரிசையாக நிற்கும் டேங்குகளை அந்த நிருபர் அலங்காரம் என்று எண்ணிவிட்டார் போலிருக்கிறது.

அடுத்த மாதத்தோடு நான் ஓய்வு பெறுகிறேன். முளைகட்டிய தானியமான மால்ட்டை மூட்டை மூட்டையாகத் தூக்கித் தூக்கி முதுகு போய்விட்டது. எந்நேரமும் ஈரமாகக் கிடக்கும் தரை முழங்காலை விட்டுவைக்கவில்லை. போகிற போக்கில் நானும் ஒரு வழிகாட்டியை எழுதிவிடுகிறேன். டேங்க் பக்கத்திலிருந்து பார்த்தால் இந்த ஊரின் இரவு எப்படி இருக்கிறது என்று யாராவது சொல்ல வேண்டாமா?

உங்கள் இரவு எங்களுக்குப் பகல் வேலை. இன்று காலை ஆறு மணிக்கு மால்ட் அரைத்தால்தான் சில வாரம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி நீங்கள் கிளாஸைத் தூக்க முடியும். நீங்கள் ஆடும் நேரத்தில் நான் அல்சூரில் என் வீட்டில் தூங்கிக்கொண்டிருப்பேன். என் அம்மா கடைசிவரை சொந்தக்காரர்களிடம் நான் ஏதோ உணவு ஆலையில் இருப்பதாகத்தான் சொல்லிவந்தார். ‘சாராயம் காய்ச்சுறவன்’ என்று யாரும் சொல்லிவிடக் கூடாதே என்ற பயம்.

இந்த ஊருக்கும் பியருக்கும் உறவு நேற்று வந்ததல்ல. நீலகிரியின் காசில் ப்ரூவரி உட்பட தென்னிந்தியாவின் ஐந்து ஆலைகளைச் சேர்த்து 1915இல் தாமஸ் லீஷ்மன் யுனைடெட் ப்ரூவரீஸை அமைத்தார். எண்பதுகளில் பப்கள் பெருகி பிரிகேட் ரோட்டையும் சர்ச் ஸ்ட்ரீட்டையும் நிறைத்தன. விண்கலம் மாதிரி உள்ளே ஜோடித்த நாசா, ராக் பாட்டுக்குப் பேர்போன பீகோஸ் எல்லாம் பார்த்த ஊர் இது. ஆனால் டேப்பில் வந்ததென்னவோ பெரிய ஆலையின் லாகர்தான். இருந்த இடத்திலேயே காய்ச்சி அங்கேயே ஊற்றும் பழக்கம் 2010ஐ ஒட்டித்தான் வந்தது. டாயிட், பியர் கிளப், 2012இல் மக்ராத் ரோட்டில் ஆர்பர் என்று ஒவ்வொன்றாகத் திறந்தார்கள். பாட்டில் பியர் ஆலையில் லாகர் போட்டுக்கொண்டிருந்த என்னைப் போன்றவர்கள் அப்போதுதான் இந்தப் பக்கம் வந்தோம்.

அந்தக் காலத்தில் இங்கே ஆட முடியாது. 2008 வாக்கில் போலீசார் பப்களில் ஆட்டத்தை நிறுத்தியிருந்தார்கள். பதினொன்றரைக்குக் கடை அடைத்துவிட வேண்டும். ஆட வந்த கூட்டம் நாற்காலியில் உட்கார வேண்டியதாயிற்று. உட்கார்ந்தவர் என்ன செய்வார்? கையில் இருப்பதைக் கவனித்துக் குடிப்பார். எங்கள் தொழில் வேர் பிடித்ததற்கு அதுவும் ஒரு காரணம் என்பேன். 2016இல் எல்லா நாளும் ஒரு மணிவரை திறந்துவைக்கலாம் என்று ஆனது. 2018இல் ஆட்டம் பாட்டுக்குப் போலீஸ் உரிமம் வேண்டும் என்ற விதியை உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. வசதியுள்ள இடங்கள் உரிமம் வாங்கிக்கொண்டன; டிஜே மேடை ஏறினார்; ப்ரூவர் பின்கட்டுக்குப் போனார்.

ஆட்டத்தின்மேல் எனக்குக் கோபம் கிடையாது. ஆடுகிறவருக்கென்று பியர் போடத் தெரிய வேண்டும், அவ்வளவுதான். ஏழு எட்டு சதவீத ஸ்ட்ராங்கைக் குடித்துவிட்டு இறங்குகிறவர் பத்தரைக்கே சோபாவில் சாய்ந்துவிடுவார். கேஸ் அதிகமாக இருந்தால் வயிறு உப்பி இரண்டாவது பாட்டிலேயே ஓரமாக நிற்பார். நாலரை சதவீதம், கேஸ் சற்று மட்டு, நாக்கில் இனிப்பு தங்காத முடிவு. இதைப் போட்டுக் கொடுத்தால் கடை மூடும்வரை தாங்குவார். ஆடும் கூட்டத்தின் தாகத்தைக் கணக்குப் போட்டுக் காய்ச்சியவன் நான். அவர்கள் கடைசிவரை ஆடுவதைத்தான் அந்தச் சிறப்பிதழ் விளக்கின் பெருமையாக எழுதியிருந்தது.

இத்தனை வருஷத்தில் என்னைப் பாடாய்ப் படுத்தியது எது என்றால் கோதுமை பியர்தான். இந்த ஊரில் விற்பதில் முன்னே நிற்பதும் அதுதான். லாகருக்குப் பொறுமை போதும். இதற்கு மூக்கு வேண்டும்.

கோதுமைக்கு உமி கிடையாது. பாதிக்கு மேல் கோதுமை மால்ட் போட்டு வெந்நீரில் கரைத்த மாஷ் களி மாதிரி இறுகி அடித்தட்டை அடைத்துக்கொண்டால் வோர்ட் என்ற இனிப்புச் சாறு சொட்டுச் சொட்டாக இறங்கும். மத்தியானம் முடிய வேண்டிய வேலை ராத்திரிவரை இழுக்கும். அதற்கு நெல் உமி கலப்போம். ரைஸ் மில்லிலிருந்து வரும் உமியை நாலைந்து தண்ணீர் விட்டு அலச வேண்டும். சோம்பல் பட்டால் சாக்கு வாசம் கிளாஸ்வரை வரும். போதாக்குறைக்கு ஊர் கடல் மட்டத்துக்கு 900 மீட்டர் மேலே. 97 டிகிரியிலேயே கொதி வந்துவிடும். ஹாப்ஸின் கசப்பு முழுசாக இறங்காது. காவிரித் தண்ணீர் வந்தால் ஒரு கணக்கு, போர்வெல் டேங்கர் வந்தால் வேறு கணக்கு. டேங்கர் தண்ணீரின் காரத்தன்மைக்கு லாக்டிக் அமிலம் விட்டு மாஷின் பிஎச்சை இறக்காவிட்டால் தானியத் தோலின் துவர்ப்பு ஏறிவிடும்.

இதெல்லாம் சமாளிக்கக்கூடியவை. ஈஸ்ட்தான் அடங்காது. நல்ல கோதுமை பியரில் வாழைப்பழமும் கிராம்பும் மணக்கும். டேங்கில் பழமும் கிடையாது, கிராம்பும் கிடையாது. இரண்டும் ஈஸ்ட் தருவது. மாஷை 44 டிகிரியில் கால் மணி நேரம் நிறுத்தினால்தான் கிராம்புக்கு வேண்டிய ஃபெருலிக் அமிலம் வெளியே வரும். நொதிக்கும் சூடு கூடினால் வாழைப்பழம் மேலோங்கும். குறைந்தால் கிராம்பு தூக்கி நின்று, பல் வைத்தியர் அறை மணம் வந்துவிடும்.

எனக்கு இதைக் கற்றுக்கொடுத்தவர் ஜெர்மனியின் பவேரியாவிலிருந்து வந்திருந்த ஒரு பெரியவர். அவர் ஊர்க் கணக்குப்படி, ஈஸ்ட் போடும்போது இருக்கும் சூட்டையும் நொதிக்கும் சூட்டையும் கூட்டினால் முப்பது வர வேண்டும். பன்னிரண்டில் போட்டால் பதினெட்டில் நிறுத்து. சொல்வது சுலபம். ஏப்ரலில் மாடித்தளம் கொதிக்கும்போது மின்சாரம் போய், ஜெனரேட்டர் எடுத்து, சில்லர் மறுபடி கிளம்ப அடம்பிடித்தால் டேங்கின் சூடு உங்களைக் கேட்டுக்கொண்டா ஏறுகிறது? அந்தப் பெரியவர் சூடுமானியை நம்பமாட்டார். டேங்கிலிருந்து வரும் குழாய் தண்ணீர் வாளிக்குள் குமிழ் விடும். அதன்மேல் குனியச் சொல்வார். முதல் மூச்சில் கரியமில வாயு சுள்ளென்று மூக்கில் ஏறிக் கண்ணில் நீர் வரும். அதை விட்டுவிட்டு, தலையைச் சற்று ஒதுக்கி இரண்டாவது மூச்சு எடுக்க வேண்டும். முதல் நாள் பச்சை மாவு வாசனை. அடுத்த நாள் லேசாக அழுகிய முட்டை. பயப்பட வேண்டாம், போய்விடும். அதற்கும் கீழே, தோலில் கறுப்புப் புள்ளி விழுந்த ஏலக்கி வாழைப்பழத்தின் மணம் எட்டிப்பார்க்கும். அது எட்டிப்பார்த்த நேரத்தில் ஒரு டிகிரி ஏற்றுவதா, அப்படியே பிடித்து வைப்பதா என்று முடிவெடுக்க வேண்டும். அரை நாள் தவறினால் அந்த டேங்க் முழுக்க வேறு பியர். மூக்கை நீட்டச் சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பார்; ஒரு வார்த்தை பேசமாட்டார்.

கடையின் அழகுக்காக உயரமான ஒல்லி டேங்குகளை வாங்கியிருந்தார்கள். திரவத்தின் உயரம் கூடினால் அழுத்தம் கூடும். அழுத்தம் கூடினால் வாழைப்பழம் அடங்கிவிடும். அதனால் முக்கால்வாசிதான் நிரப்பினேன். ‘கால் டேங்க் ஏன் காலி?’ என்று கணக்குப்பிள்ளை மாதம் தவறாமல் கேட்டார். பதில் சொல்லிச் சொல்லி அலுத்துப்போய் ஒரு கிளாஸை அவர் மேசையில் வைத்தேன். அதன்பிறகும் கேட்டார்.

இப்போது வருகிற பிள்ளைகள் கெட்டிக்காரர்கள். போனிலேயே டேங்கின் சூட்டைப் பார்க்கிறார்கள். வாளிப் பக்கம் மட்டும் போவதில்லை. கிருஷ்ணகிரியிலிருந்து வந்த என் உதவியாள் கேட்டான்: “அண்ணா, கிராவிட்டி மூணுக்கு இறங்கிடுச்சு. நாளைக்கே டேப்ல விட்டுடலாமா? மேனேஜர் கேக்குறாரு.”

“சர்க்கரை தீர்ந்து கிராவிட்டி இறங்கினா பியர் ஆயிடுச்சுன்னு எவன்டா சொன்னான்?”

“வாசனை பத்தலன்னா வாழைப்பழ எசன்ஸ் ரெண்டு சொட்டு விட்டுக்கலாம்னு அவரே சொல்றாருண்ணா.”

நான் பழமைவாதி இல்லை. ஸ்டவுட்டில் சிக்கமகளூர்க் காப்பி சேர்த்திருக்கிறேன். மாம்பழக் காலத்தில் ராம்நகர் மாம்பழத்தைக் கூழாக்கிப் போட்டிருக்கிறேன். டின்னில் வந்த சிரப்பை டேப்புக்குப் பக்கத்தில் வைத்து ஊற்றுவதற்கு ப்ரூவர் எதற்கு, சர்பத் கடைக்காரர் போதாதா? லாகருக்கு நாலைந்து வாரம் குளிரில் உறங்கும் நேரம் வேண்டும். அதைப் பாதியாக வெட்டச் சொல்கிறார்கள். வெட்டிய பியரில் வெண்ணெய் நாற்றம் வரும். டிஜே சத்தத்தில் யாருக்குத் தெரியப்போகிறது என்பதுதான் இன்றைய கணக்கு.

2020 ஊரடங்கில் இந்தத் தொழிலில் இருந்தவர்கள் ஆயிரக்கணக்கான லிட்டர் பியரைச் சாக்கடையில் திறந்துவிட்டோம். பாட்டில் பியர்போலச் சூடாக்கி அடைத்தது அல்ல இது. உயிரோடிருக்கும் சரக்கு, காத்திருக்காது. அன்று அழுதவர்களே இன்று அவசரப்படுத்துகிறார்கள்.

ஆகவே பெங்களூருக்கு வருகிறவர்களுக்கு என் வழிகாட்டி இவ்வளவுதான். எந்தக் கடைக்குப் போனாலும் முதலில் கோதுமை பியர் ஒரு சின்ன கிளாஸ் கேளுங்கள். எலுமிச்சைத் துண்டு வேண்டாம் என்று சொல்லுங்கள். ஐஸ் மாதிரி இருந்தால் ஐந்து நிமிஷம் காத்திருங்கள். கிளாஸின் உள்சுவரில் குமிழ்கள் ஒட்டிக்கொண்டிருந்தால் கிளாஸ் சரியாகக் கழுவப்படவில்லை, திருப்பிக் கொடுங்கள். புளிப்போ வெண்ணெயோ அடித்தால் கோளாறு பெரும்பாலும் குழாயில். குழாயை எப்போது காஸ்டிக் விட்டுக் கழுவினீர்கள் என்று கேளுங்கள். இரண்டு வாரத்துக்குள் ஒரு தேதி சொன்னால் உட்காருங்கள். திருதிருவென்று விழித்தால் எழுந்து அடுத்த கடைக்குப் போங்கள். பியர் நன்றாக இருந்தால் ப்ரூவர் யார் என்று ஒரு வார்த்தை விசாரியுங்கள். அதன்பிறகு மனம்போல ஆடுங்கள். ஒரு மணிக்குக் கடையை மூடிவிடுவார்கள். வண்டியை எடுக்காமல் ஆட்டோ பிடித்துப் போங்கள்.