முட்டுக் கொடுத்தவள்

போன மே மாத விடுமுறையில் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் இருக்கும் பெரியம்மா மகள் வீட்டுக்குப் போயிருந்தேன். போன மூன்றாம் நாள் காலையில் அக்கா என்னை டேட்டனுக்குப் பக்கத்தில் உள்ள ஒரு சின்ன விமானத்திடலுக்குக் கூட்டிப்போனாள். தகரக் கொட்டகை ஒன்றைத் திறந்து, அறுத்த துடைப்பக்கம்பு ஒன்றை என் கையில் கொடுத்து, "இதைக் கண்ணாடிக்கு முட்டுக் கொடுத்துப் பிடிச்சுக்கோ. நான் சொல்ற வரைக்கும் அசையாத" என்றாள்.

எதிரே நின்றது அவர்கள் வீட்டில் செய்த விமானம். வீட்டில் செய்தது என்றதும் நமக்கு வடகமும் ஊறுகாயும்தான் ஞாபகம் வரும். அந்த நாட்டில் விமானத்தையும் அப்படிச் செய்யலாம். தகடுகளும் வரைபடங்களும் பெட்டி பெட்டியாக வந்து இறங்கும். செய்வதில் பாதிக்கு மேற்பட்ட வேலையைத் தொழிலாக இல்லாமல், கற்பதற்கோ பொழுதுபோக்குக்கோ சொந்தக் கையால் செய்திருக்க வேண்டும் என்பது அரசின் விதி. 51 சதவீத விதி என்று பேச்சுவழக்கில் சொல்கிறார்கள். இது ஆர்வி-7 என்ற இரண்டு பேர் உட்காரும் விமானம். அத்தானும் அக்காவும் கார் நிறுத்தும் அறையில் ஏழு வருடம் செய்தார்கள். அத்தான் இறந்து மூன்று வருடமாகிறது. அக்காவுக்கும் ஓட்டுநர் உரிமம் உண்டு. ஐம்பத்தொன்றாம் வயதில் வாங்கினாள்.

இருக்கைகளுக்கு மேலே கவிழ்த்த கிண்ணம் மாதிரி ஒரு பெரிய கண்ணாடி மூடி. கேனபி என்கிறார்கள். அதன் பின்பக்கத்தைத் தூக்கினால் முன்பக்கக் கீலில் எழும்பி வாயைப் பிளந்து நிற்கும். அப்படி நிறுத்தி வைப்பவை பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு கறுப்புக் குழாய்கள். கேஸ் ஸ்ட்ரட். ஹேட்ச்பேக் காரின் டிக்கியைத் தூக்கிப் பிடித்திருக்குமே, அதேதான். உள்ளே உயர் அழுத்தத்தில் நைட்ரஜன், கூடக் கொஞ்சம் எண்ணெய். வருடங்கள் போகப் போகக் கம்பி நுழையும் சீல் வழியாக வாயு துளித்துளியாகக் கசியும். சத்தம் வராது, வெளியே எதுவும் சிந்தாது. குளிர்காலத்தில் உள்ளே அழுத்தம் குறைந்துவிடுவதால் ஜனவரியில் நிற்காத மூடி மே மாதத்தில் நிற்கும். நாமும் சரியாகிவிட்டது என்று நினைத்துக்கொள்வோம்.

ஏப்ரலில் அக்கா உள்ளே குனிந்து பையை வைத்தபோது மூடி சரிந்து பிடரியில் விழுந்திருக்கிறது. இரண்டு நாள் கழுத்தைத் திருப்ப முடியவில்லை. மகனிடம் சொல்லவில்லை. சொன்னால், "வித்துடும்மா" என்பான். அவன் அதைச் சொல்லிக்கொண்டிருப்பது மூன்று வருடமாக.

வேலை என்னவோ சின்னதுதான். குழாயின் இரண்டு முனையிலும் குமிழ் போன்ற ஆணியைக் கவ்வும் கிண்ணம், அதைப் பூட்டும் சின்னக் கம்பிக் கிளிப். தட்டை ஸ்குரூடிரைவரால் கிளிப்பை லேசாக நெம்பினால் கழன்று வரும். மூடி முழுதாகத் திறந்திருக்கும்போதுதான் கழற்ற வேண்டும். அப்போதுதான் குழாய் முழுதாக நீண்டு, தள்ளும் விசை அடங்கியிருக்கும். விசை எத்தனை நியூட்டன் என்பது குழாயின் மேலேயே அச்சிட்டிருக்கும். இவர்களுடையதில் வெயிலில் அழிந்துவிட்டது. கிட்டின் பழைய பாகப் பட்டியலைத் தேடி எண்ணைக் கண்டுபிடித்து வரவழைத்திருந்தாள். விசை கூடிப்போனாலும் ஆபத்துதான், சட்டம் வளையும், கண்ணாடி விரிசல் விடும். ஒன்று போனாலும் இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும், இல்லையென்றால் ஒரு பக்கம் மட்டும் தள்ளி மூடி முறுகும்.

கேட்டதும் எனக்குள் இருக்கும் கவிதை எழுதுகிறவள் விழித்துக்கொண்டாள். "கல்யாணம் மாதிரி இருக்கேக்கா" என்றேன்.

"ஆரம்பிச்சிட்டியா? இது ரெண்டும் ஒரே விசையில தள்ளுதுடி. எந்தக் கல்யாணத்துல அப்படி? கம்பை நேராப் பிடி."

பிடித்தேன். கை கடுத்தது. அக்கா இறக்கைமேல் மண்டியிட்டு இடதுபக்கத்தை முடிக்கும் வரை எனக்குப் பார்ப்பதற்கு இருந்தது வெளியே உடம்பில் பொருத்தியிருந்த ஒரு சின்ன உலோகத் தகடுதான். செய்தவர் பெயர், மாடல், வரிசை எண். தீயில் எரியாத உலோகத்தில் பொறித்திருக்க வேண்டும் என்பது விதி. செய்தவர் என்ற இடத்தில் அத்தானின் பெயர் மட்டும் இருந்தது. நம் ஊர்க்காரர்களுக்கு அங்கே அப்பா பெயர்தான் குடும்பப்பெயர் ஆகிறது. ஆக, அருப்புக்கோட்டையில் வெற்றிலைக் கடை வைத்திருந்து, ரயில்கூட நாலைந்து தடவைக்கு மேல் ஏறாத மாமாவின் பெயர் அமெரிக்க அரசின் பதிவேட்டில் விமானத் தயாரிப்பாளர் பெயராக நிற்கிறது. மாமாவுக்குத் தெரிந்தால் சிரித்திருப்பார். அந்தத் தகட்டில் இடமில்லாமல் போனது அக்காவுக்கு மட்டும்தான்.

இத்தனைக்கும் அந்த உடம்பில் இருக்கும் ரிவெட்டுகள் பத்தாயிரத்துக்கும் மேல். வெளியே ஒருவர் துப்பாக்கி மாதிரி ஒரு கருவியால் அடிக்க, உள்ளே ஒருவர் கனத்த இரும்புக் கட்டியை ரிவெட்டின் காலில் அழுத்திப் பிடிக்க வேண்டும். கட்டி நழுவினால் தகடு நசுங்கும். வால்பகுதி கூம்பாகக் குறுகிப் போகும், பெரிய ஆள் நுழைய முடியாது. ஒல்லியாக இருந்த அக்காதான் ஊர்ந்து போய்ப் படுத்துக்கொண்டு பிடித்தாள். ஒவ்வோர் அடியும் முழங்கை வழியாகப் பல்லுக்கு வரும் என்றாள். காதடைப்பானை மீறிய சத்தம். வெளியே நின்று அடித்தவர் செய்தவர், உள்ளே படுத்துப் பிடித்தவள் உதவியவள். அந்த 51 சதவீதத்தை யார் எப்படிப் பிரிப்பது?

இது வெறும் மனக்குறை இல்லை. இந்த வகை விமானத்தில் பழுது பார்ப்பதை யார் வேண்டுமானாலும் செய்யலாம். ஆனால் வருடத்துக்கு ஒருமுறை முழுதாகச் சோதித்துக் கையெழுத்திட, பொதுவாக உரிமம் பெற்ற மெக்கானிக் வேண்டும், அல்லது 'ரிப்பேர்மேன்' சான்றிதழ் வைத்திருக்கும் முதன்மைக் கட்டுநர் வேண்டும். ஒரு விமானத்துக்கு ஒருவருக்குத்தான் அந்தச் சான்றிதழ். அத்தானோடு அது போய்விட்டது. இப்போது வருடா வருடம் ஒருவர் பணம் வாங்கிக்கொண்டு வந்து சோதிக்கிறார். நல்ல மனிதர்தான். ஒவ்வொரு முறையும் ரிவெட் வரிசையைத் தடவிப் பார்த்து, "உங்கள் கணவருக்கு அருமையான கை" என்பாராம்.

"நீ சொல்ல வேண்டியதுதானே?"

"செத்துப்போனவர்கிட்ட இருந்து பிடுங்கற மாதிரி இருக்காதா?"

டேட்டன் ரைட் சகோதரர்களின் ஊர். அவர்களின் தங்கை கேத்தரின் உள்ளூர் உயர்நிலைப்பள்ளியில் லத்தீன் கற்பித்தவர், அந்தப் பிள்ளைகளில் கல்லூரிப் படிப்பை முடித்தவர் அவர் ஒருவர்தான். 1908இல் விமானம் விழுந்து ஆர்வில் படுகாயமடைந்தபோது வேலையை விட்டுவிட்டுப் போய் உடனிருந்து பார்த்துக்கொண்டார். மறுபடி வகுப்பறைக்குத் திரும்பவே இல்லை. 1926இல், ஐம்பத்திரண்டாம் வயதில் கல்யாணம் செய்துகொண்டபோது அதே ஆர்வில் அவரோடு பேசுவதை நிறுத்திக்கொண்டார். 1929இல் கேத்தரின் சாகக் கிடந்தபோதுதான் போய்ப் பார்த்தார். நானும் மொழி வாத்தியார் என்பதாலோ என்னவோ, அந்த ஊரில் இருந்த நாள் முழுக்க எனக்கு விமானத்தைவிட அந்த லத்தீன் வகுப்புதான் மனதில் ஓடியது.

அக்காவுக்காக நியாயம் பேச நான் யார் என்றும் தோன்றியது. என் முனைவர் பட்ட ஆய்வு தாலாட்டுப் பாடல்கள் பற்றியது. நாற்பத்தோரு பெண்கள் அடுப்பைப் பார்த்துக்கொண்டே எனக்குப் பாடிக் கொடுத்தார்கள். ஆய்வேட்டில் அவர்கள் 'தகவலாளி 1', 'தகவலாளி 2'. முறையியல் அப்படித்தான் என்றார்கள், நானும் கேட்டுக்கொண்டேன். முகப்பில் என் பெயர் பட்டத்துக்கான இடைவெளியோடு அச்சாகியிருக்கிறது.

பதினொரு மணிக்கு இரண்டு பக்கமும் முடிந்தன. "கம்பை எடு." எடுக்கப் பயமாக இருந்தது. எடுத்தேன். மூடி அப்படியே நின்றது. அக்கா அடியில் தலையை நீட்டி நின்று பார்த்தாள், ஏப்ரலில் நின்ற அதே இடத்தில்.

பிறகு பராமரிப்புப் பதிவேட்டை எடுத்தாள். அதுவரை எல்லாப் பக்கமும் அத்தானின் சாய்ந்த எழுத்து, கடைசியில் மெக்கானிக்கின் முத்திரைகள். தேதி, எஞ்சின் ஓடிய மணிக்கணக்கு, 'கேனபி ஸ்ட்ரட் இரண்டும் மாற்றப்பட்டன', பாக எண். கையெழுத்துப் போடும் இடத்தில் பேனா நின்றது. பாஸ்போர்ட்டில் அவள் பெயருக்குப் பின்னால் இருப்பது அத்தான் பெயர். அதை எழுதவில்லை. பள்ளிக்கூடத்தில் போட்ட கையெழுத்தைப் போட்டாள், பெரியப்பாவின் இனிஷியலோடு.

"அதுவும் ஆம்பளை பேருதானே" என்றேன். வாய் சும்மா இருக்காது.

"தெரியும். பெரியம்மா பேரைப் போட்டா யாருக்கும் ஆளு தெரியாதுடி" என்றவள், கொஞ்சம் யோசித்து, தன் பெயரைத் தமிழிலும் ஒரு தடவை பக்கத்தில் எழுதினாள்.

மூடியைச் சாத்தப் போனோம். புது ஸ்ட்ரட் விறைப்பாக இருந்தது. அக்கா குள்ளம், இறக்கைமேல் நின்று பிடித்துத் தொங்கியும் இறங்க மறுத்தது. நானும் ஏறி மறுபக்கத்தைப் பிடித்தேன்.

"ஒண்ணு, ரெண்டு, இழு" என்றாள்.