மேட்சுக்கு முன்னாடி வாந்தி

கொடைக்கானல்ல டியூட்டி பார்த்தப்போ, பதினாலு வயசுப் பையனை அவன் அப்பா கூட்டிட்டு வந்தார். டென்னிஸ் போட்டிக்காக மலை ஏறி வந்தவங்க. காலைல ரெண்டு தடவை வாந்தி, நெஞ்சு படபடப்பு, கை சில்லுன்னு இருந்துச்சு. மலைப்பாதை வளைவுன்னுதான் முதல்ல நினைச்சேன். ஆனா வந்து ரெண்டு நாளாச்சாம். ஈசிஜி, பிரஷர், சுகர் எல்லாம் நார்மல்.

"நடிக்கிறான் டாக்டர்"னார் அப்பா.

நடிப்பு இல்லைங்க. பயந்தா அட்ரினலின் சுரக்கும். இதயம் வேகமா துடிக்கும், ரத்தம் குடலை விட்டுத் தசைக்குப் போகும். வயித்தைப் புரட்டுறது அதனாலதான். (மூணு இட்லி வேற ஊட்டியிருந்தார்!)

பையன் மெதுவா கேட்டான்: "2-5ல இருந்து யாராவது ஜெயிச்சிருக்காங்களா சார்?"

ராமநாதன் கிருஷ்ணன், நம்ம தமிழ்நாட்டுக்காரர். 1966 டேவிஸ் கோப்பை, கல்கத்தா. பிரேசிலோட 2-2 சமம். கடைசி ஆட்டத்துல தாமஸ் கோக் ரெண்டு செட் எடுத்துட்டார், இவர் ஒண்ணுதான். நாலாவது செட்ல 2-5. இன்னும் ஒரு கேம் போனா இந்தியா அவுட். அங்கேருந்து 7-5, 6-2.

"பாத்தியாடா, மனசு வச்சா முடியும்!"னார் அப்பா.

"அதே கிருஷ்ணன் 1960லயும் 61லயும் விம்பிள்டன் அரையிறுதில தோத்தவர் சார்"னேன். அவர் பேசலை.

நாலு எண்ணி மூச்சை இழுத்து, ஆறு எண்ணி விடச் சொல்லிக்கொடுத்தேன். ஓஆர்எஸ் கொடுத்தேன். இதே மாதிரி அடிக்கடி வந்து தூக்கம் கெட்டா 14416, டெலி மானஸ், இலவசம்னு அப்பா போன்ல பதிஞ்சு விட்டேன். நீங்களும் பதிஞ்சுக்கோங்க.

பையன் ஜெயிச்சானான்னு நான் விசாரிக்கலை.