லாசரோவின் கடன்காரர்கள்

டிசம்பர் 15, 2014, ஹவானா

வீட்டுக்கார அம்மா காலையிலிருந்து தையல் மெஷினில் உட்கார்ந்து சாக்குத் துணியில் சட்டை தைக்கிறார். ஓரத்துக்கு ஊதா நாடா. 17-ஆம் தேதி சான் லாசரோ, அதாவது புனித லாசரின் திருநாள்; அதற்காக நாளை இரவு ரின்கோன் கோயிலுக்கு நடக்கப் போகிறாராம், நானும் வருவதாகச் சொல்லிவிட்டேன்.

கூடத்து மூலையில் அவருடைய சான் லாசரோ நிற்கிறார். கக்கத்தில் ஊன்றுகோல்கள், உடம்பெல்லாம் புண், காலடியில் நாய்கள். எதிரே சில்லறைக் காசு, சுருட்டு, ஒரு தம்ளர் தண்ணீர். இவரையே பபாலு அயே என்றும் கூப்பிடுகிறார் அம்மா. அடிமைக் கப்பல்களில் கியூபா வந்த யொருபா மக்களின் தெய்வம் அது. அம்மையைப் போடுகிறவரும் அவரே, இறக்குகிறவரும் அவரே.

டிசம்பர் 16

சந்தியாகோ தே லாஸ் வேகாஸ் வரை வண்டி. அதற்கப்பால் சாலை முழுக்க ஊதா.

ஒருவர் தரையில் மல்லாந்து படுத்து, குதிகாலை உந்தி உந்தி நகர்கிறார். முப்பது வயதிருக்கும். கணுக்காலில் சங்கிலி, அதன் முனையில் ஒரு கல். அவருக்கு முன்னால் ஒரு பையன் தழைக்கொத்தால் சரளைக் கற்களைப் பெருக்கித் தள்ளிக்கொண்டே போகிறான். ஊர்கிறவரின் முழங்கை தோலுரிந்து, ரத்தத்தில் மண் அப்பியிருந்தது. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். "குழந்தை பிழைத்துவிட்டதாம், அதற்குத்தான்" என்றார் அம்மா, கடையில் பாக்கி தீர்க்கிறவரைப் பற்றிச் சொல்வது மாதிரி. வழியில் நான் பேசியவர்களில் பலரும் அப்படித்தான்: வேண்டியது கிடைத்தாயிற்று, இப்போது நேர்த்திக்கடன்.

தொழுநோய் மருத்துவமனையை ஒட்டி இருக்கிறது கோயில். 1998 ஜனவரியில் இரண்டாம் ஜான் பால் இங்கே வந்து நோயாளிகளைச் சந்தித்தார். திருச்சபை வணங்கும் லாசர், இயேசு உயிர்ப்பித்த பெத்தானியா ஊர்க்காரர். பிறகு ஆயரானார் என்பது மரபு. ஊன்றுகோல்காரரோ லூக்கா 16-இல் வரும் உவமைப் பிச்சைக்காரர். கதையில் வருகிறவருக்கு ஏது புனிதர் பட்டம்? ஆனால் கூட்டம் சுமந்து வந்த பொம்மைகளில் ஆயரைத் தேடினால் கண்ணில் படவில்லை, எல்லாம் நாய்க்காரர்தான்.

அடிமைகள் எசமானுக்குப் பயந்து தங்கள் தெய்வத்தைப் புனிதருக்குள் ஒளித்துவைத்தார்கள் என்று படித்திருக்கிறேன். தொடக்கத்துக்கு அது சரியாயிருக்கலாம். இன்று யாருக்குப் பயம்? அம்மா திருப்பலியும் காண்கிறார், பபாலுவுக்கு வறுத்த சோளமும் படைக்கிறார். எதையும் ஒளிப்பதாகத் தெரியவில்லை.

டிசம்பர் 17

விடிகாலை திரும்பி, அடித்துப்போட்டதுபோல் தூக்கம். நண்பகலில் தெருவே சத்தம் போட்டு எழுப்பியது. தொலைக்காட்சியில் ராவுல் காஸ்த்ரோ: அமெரிக்காவுடன் மீண்டும் தூதரக உறவு. அதே நேரம் வாஷிங்டனில் ஒபாமா. அமெரிக்கச் சிறையிலிருந்த கியூபர்கள் மூவர் வீடு திரும்பிவிட்டார்கள். எங்கோ கோயில் மணி அடித்தது. எதிர்வீட்டுக்காரர் சட்டைகூடப் போடாமல் ஓடிவந்து அம்மாவைக் கட்டிக்கொண்டார்.

லாசரோ நாளிலா! இதற்கு மேல் யாருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை.

டிசம்பர் 18

அம்மாவுக்கு ஒரு மனத்தாங்கல். தலைவர்கள் இருவரும் நடுவில் நின்று உதவிய போப் பிரான்சிஸுக்கு நன்றி சொன்னார்கள்; நேற்று அவருக்குப் பிறந்தநாளும்கூட, அது இருக்கட்டும். லாசரோவை ஒருவராவது சொன்னாரா? அடுத்த வருஷம் இரண்டு பேரும் ரின்கோன் சாலையில் ஊர்ந்து வந்தாக வேண்டும் என்கிறார். ஒபாமாவின் உயரத்துக்குச் சாக்குத் துணி எத்தனை மீட்டர் பிடிக்கும் என்று என்னிடம் கேட்டார்.